மாட்டும் முன்பே பேசவைத்துப் பாருங்கள்
மின் வாரியப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பொறியாளர் நண்பர்களுக்கு,

ஸ்மார்ட் மீட்டர் டெண்டருக்குத் தொழில்நுட்ப விவரக்குறிப்பு எழுதுபவர்கள், வந்திறங்கும் மீட்டரை எம்.ஆர்.டி. (மீட்டர்-ரிலே) சோதனைக்கூடத்தில் பரிசோதிப்பவர்கள், பிரிவு அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த மீட்டரைப் பற்றிய புகார்களை நாளைக்குக் கேட்கப்போகிறவர்கள் என உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். மீட்டரோடும் ரிலேயோடும் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் ஸ்மார்ட் மீட்டர் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையோடு முடிந்துவிடுகிறது. விலை அதிகம் என்று ஒருமுறை டெண்டரையே ரத்து செய்த மாநிலம் இது. அது தேவையான கேள்விதான். ஆனால் அதே அளவு கனமான இன்னொரு கேள்வியை யாரும் உரக்கக் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு நிறுவனத்தின் மீட்டரை இன்னொரு நிறுவனத்தின் சர்வர் படிக்குமா? மாட்டியவர் போன பிறகும் அந்த மீட்டர் நம் சொல்லைக் கேட்குமா? இதற்கு இன்று ஒழுங்கான பதில் வாங்காமல் விட்டால், பத்து ஆண்டு கழித்து மூன்று கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகளின் சுவர்களில் மாட்டிய பெட்டிகளுக்கு நாம் பெயரளவில் மட்டுமே சொந்தக்காரர்களாக இருப்போம்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விவரக்குறிப்பில் தரநிலையின் எண்ணை எழுதிவிட்டால் கருவிகள் ஒன்றோடொன்று பேசிவிடாது. நம் கண்முன்னே பேசிக்காட்டிய பிறகே வாங்க வேண்டும்.

ஒரு வீட்டின் அளவீடு ரசீதாக மாறும் வழியைப் பாருங்கள். மீட்டருக்குள் நுகர்வு ஓர் எண்ணாகப் பதிவாகிறது. அதோடு இணைந்த தொடர்பு மாட்யூல் அதை வெளியே அனுப்புகிறது. அது ஆர்.எஃப். மெஷ் என்ற ரேடியோ வலை வழியாக, அல்லது நேரடியாக 4ஜி வழியாக, ஹெட் எண்ட் சிஸ்டம் என்ற சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து எம்.டி.எம்.எஸ். என்ற தரவு மேலாண்மை அமைப்புக்கு. அங்கே சரிபார்த்த பிறகு பில்லிங் மென்பொருளுக்கு. மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்டளை இதே பாதையில் எதிர்த்திசையில் வரும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் இரண்டு வேறு நிறுவனங்களின் பொருட்கள் சந்திக்கின்றன. அந்தச் சந்திப்புகளில் எத்தனைக்குப் பொதுமொழி இருக்கிறது என்பதுதான் விஷயம்.

முதல் சந்திப்பைப் பொறுத்தவரை இந்தியா நல்ல வேலை செய்திருக்கிறது. ஸ்மார்ட் மீட்டருக்கான ஐ.எஸ். 16444 என்ற தரநிலை 2015-இல் வந்தது. மீட்டர் எந்த மொழியில் தரவைத் தர வேண்டும் என்று சொல்லும் ஐ.எஸ். 15959-இன் இரண்டாம் பகுதி 2016-இல் வந்தது. இரண்டுக்கும் அடித்தளம், உலகம் முழுக்கப் புழங்கும் டி.எல்.எம்.எஸ். நெறிமுறை. 1.0.1.8.0.255 என்ற குறியீட்டைக் கேட்டால் எந்த மீட்டரும் தான் உள்வாங்கிய மொத்த யூனிட்டைச் சொல்ல வேண்டும். 1.0.2.8.0.255 என்று கேட்டால், கூரையில் சோலார் வைத்திருப்பவர் கட்டமைப்புக்குத் திருப்பி அனுப்பிய யூனிட்டைச் சொல்ல வேண்டும். காந்தம் வைத்தது, மூடியைத் திறந்தது போன்ற நிகழ்வுகளுக்கும் தனித்தனி எண்கள் உண்டு. ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மென்பொருள், ஒரு கேபிள் என்று அலைந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

இடர்ப்பாடு அதற்கு மேலேயும் கீழேயும் இருக்கிறது. கீழே ரேடியோ. ஒரு நிறுவனத்தின் மெஷ் வலையில் அதே நிறுவனத்தின் மாட்யூல்தான் சேர முடியும் என்ற நிலையே பல இடங்களில் இருக்கிறது. வை-சன் போன்ற திறந்த தரநிலைகள் இருந்தும், 'ஆர்.எஃப். மெஷ்' என்று மட்டும் எழுதிய டெண்டர் எந்த மெஷ்ஷையும் ஏற்றுக்கொண்டுவிடும். மேலே, ஹெட் எண்டுக்கும் எம்.டி.எம்.எஸ்.-க்கும் நடுவில், ஐ.இ.சி. 61968 என்ற சர்வதேசப் பொதுத் தகவல் மாதிரி இருக்கிறது. ஆனால் அதன் எந்தச் செய்திகள், எந்தெந்தப் புலங்களோடு என்று வரையறுக்காவிட்டால், இரண்டு நிறுவனங்கள் அதே தரநிலையைப் பின்பற்றியும் ஒருவர் அனுப்புவது மற்றவருக்குப் புரியாமல் போகும்.

மொழி ஒன்றாக இருந்தாலும் பொருள் மாறலாம். கால்மணிப் பதிவில் இருக்கும் நேரம் அந்தக் கால்மணியின் தொடக்கமா, முடிவா? மின்தடை நேரத்துப் பதிவைப் பூஜ்யமாக நிரப்புவதா, வெற்றிடமாக விடுவதா? மீட்டரின் கடிகாரத்தைத் திருத்தியபோது இருமுறை வந்த பதிவில் எது செல்லும்? ஒரு மீட்டருக்கு ஒரு நாளில் 96 கால்மணிப் பதிவுகள். மூன்று கோடி மீட்டருக்கு 288 கோடி. இந்த அளவில் சின்னப் பொருள்வேறுபாடும் ஆயிரக்கணக்கான தவறான ரசீதுகளாக வந்து நிற்கும். அந்த ரசீதோடு ஜனங்கள் வரப்போவது உங்கள் பிரிவு அலுவலகத்துக்குத்தான்.

நேரத்துக்கேற்ற கட்டணம் வரும்போது இது இன்னும் கூர்மையாகும். மத்திய அரசு 2023-இல் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியபோது, சூரிய ஒளி நேரத்துக் கட்டணம் வழக்கமான கட்டணத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்று சொன்னது. உச்ச நேரத்தில் கட்டணம் கூடும். பதிவின் நேரம் ஒரு கால்மணி பிசகினால், குறைந்த கட்டண யூனிட் கூடுதல் கட்டணக் கணக்கில் ஏறிவிடும். நேரத்தின் பொருளை ஒரே மாதிரி வரையறுப்பது இனி நுகர்வோரின் பணத்தைக் காக்கும் வேலை.

நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர்களின் அனுபவம் இருக்கிறது. முக்கியமாக பிரிட்டன். அங்கே வீட்டுக்கு மின்சாரம் விற்கும் நிறுவனத்தை நுகர்வோர் மாற்றிக்கொள்ளலாம். மீட்டர் மாட்டும் பொறுப்பு அந்த விற்பனை நிறுவனத்துடையது. எஸ்மெட்ஸ்-1 என்ற முதல் தலைமுறை மீட்டர்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தத் தொடர்பு ஏற்பாட்டோடு மாட்டியது. விளைவு, நுகர்வோர் வேறு நிறுவனத்துக்கு மாறியதும் பெரும்பாலும் மீட்டர் சர்வரோடு பேசுவதை நிறுத்திவிட்டது. மீட்டர் பழுதாகவில்லை. யூனிட்டைச் சரியாகத்தான் எண்ணிக்கொண்டிருந்தது. புதிய நிறுவனத்தின் சர்வருக்கு அது அந்நியம், அவ்வளவுதான். ஸ்மார்ட் மீட்டர் வைத்த வீட்டில் மறுபடி ஆள் வந்து அளவெடுக்க வேண்டிய நிலை. 2018 நவம்பரில் அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, அப்படி ஊமையான மீட்டர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல் என்றது. பிறகு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான தரவுத் தொடர்பு அமைப்பு ஒன்றுக்குள் பழைய மீட்டர்களை ஒவ்வொரு தொகுதியாகச் சேர்க்கும் வேலை 2019-இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் நடந்தது. மாட்டும் முன்பு செய்திருக்க வேண்டியதை மாட்டிய பிறகு செய்ததற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

இங்கே மின்சாரம் விற்பவர் ஒருவர்தானே, அந்தச் சிக்கல் நமக்கெதற்கு என்று நினைக்கலாம். விற்பவர் மாறமாட்டார். ஆனால் மீட்டரை இயக்குபவர் மாறுவார். மத்திய அரசின் ஆர்.டி.எஸ்.எஸ். திட்டம் 2021-இல் வந்தபோது நாடு முழுக்க 25 கோடி ஸ்மார்ட் மீட்டர் என்ற இலக்கோடு வந்தது. அதன் டோட்டெக்ஸ் முறையில் ஒப்பந்ததாரரே முதல் போட்டு, மீட்டரை மாட்டி, ஏறக்குறையப் பத்தாண்டு இயக்கி, கடைசியில் நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். ஒப்படைக்கும் நாளில் மீட்டர் நம் கைக்கு வரும். அதோடு பேசத் தெரிந்த சர்வர் யாருடையது? அந்த ஒரே சர்வரைத்தான் அந்த மீட்டர் ஏற்கும் என்றால், பழைய ஒப்பந்ததாரர் கேட்கும் தொகைக்கே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டியதாகும். பேரம் பேச நம் கையில் எதுவும் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. மாநிலத்தைப் பல தொகுதிகளாகப் பிரித்து டெண்டர் விடும்போது ஒவ்வொரு தொகுதியும் ஒவ்வொரு நிறுவனத்துக்குப் போகலாம். புயலடித்து விழுப்புரத்தில் ஆயிரக்கணக்கான மீட்டர் போய்விட்டால், மதுரைக் கிடங்கில் இருக்கும் மீட்டரை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து மாட்ட முடிய வேண்டும். இன்றைக்குச் சாதாரண மீட்டரை அப்படித்தான் செய்கிறோம். புதிய தொழில்நுட்பம் வந்து அந்த வசதியைப் பறித்துவிடக் கூடாது. டோட்டெக்ஸை ஏற்காமல் மூலதனச் செலவு முறைக்குப் போன கேரளத்துக்கும் மீட்டரை எந்த சர்வர் படிக்கும் என்ற கேள்வி பொருந்தும். மீட்டரையும் மென்பொருளையும் பிரித்து வாங்குபவருக்கு இரண்டும் சேர்ந்து இயங்கும் என்ற உறுதி இன்னும் அதிகமாகத் தேவை.

அமெரிக்கா வேறொரு பாடம் தருகிறது. 2007-ஆம் ஆண்டின் எரிசக்திச் சட்டம், ஸ்மார்ட் கிரிட் தரநிலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பை நிஸ்ட் என்ற தேசியத் தர நிறுவனத்திடம் கொடுத்தது. 2010 ஜனவரியில் அது 75 தரநிலைகளை அடையாளம் காட்டி முதல் கட்டமைப்பு ஆவணத்தை வெளியிட்டது. அதே ஆண்டு, அவற்றில் ஐந்து ஐ.இ.சி. தரநிலைக் குடும்பங்களை ஒழுங்குமுறை விதியாக ஏற்பதா என்ற கேள்வி கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்திடம் வந்தது. போதுமான கருத்தொற்றுமை இல்லை என்று 2011 ஜூலையில் ஆணையம் மறுத்துவிட்டது. தரநிலைகள் குப்பைக்குப் போகவில்லை, மின் நிறுவனங்கள் விரும்பி எடுத்துக்கொண்டன. ஆனால் ஒன்று தெளிவானது. மேலிருந்து ஆணை வரும், அது எல்லாவற்றையும் இணைத்துவிடும் என்று காத்திருக்க முடியாது. வாங்குபவர் தன் கொள்முதல் ஆவணத்தில் என்ன கேட்கிறாரோ அதுவே நடைமுறையில் தரநிலை. ஆணையத்தைவிட உங்கள் பேனாவுக்கு வலு அதிகம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அதே நாட்டில் நடந்த இன்னொரு வேலையும் நாம் கவனிக்கத்தக்கது. 2009-இல் அரசின் ஊக்கத்தொகை வந்து மின் நிறுவனங்கள் மீட்டர் வாங்க விரைந்தபோது தரநிலைகள் முழுதாகத் தயாராக இல்லை. எனவே மாட்டிய மீட்டரின் மென்பொருளைத் தொலைவிலிருந்தே பாதுகாப்பாகப் புதுப்பிக்க முடிய வேண்டும் என்ற ஒரே விஷயத்துக்கு மட்டும் சில மாதங்களில் ஒரு தரநிலையை எழுதி முடித்தார்கள். எல்லாம் முடியும்வரை கொள்முதலை நிறுத்தவுமில்லை, கண்ணை மூடிக்கொண்டு வாங்கவுமில்லை. பின்னால் திருத்திக்கொள்ளும் வழியை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டார்கள்.

துணைமின் நிலையத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கு ஐ.இ.சி. 61850-இன் கதை தெரிந்திருக்கும். ரிலேக்கள் ஒன்றோடொன்று செப்புக் கம்பியின்றி ஈதர்நெட்டில் பேசுவதற்கான அருமையான தரநிலை அது. ஆயினும் ஆரம்ப ஆண்டுகளில் ஒரு கம்பெனியின் வடிவமைப்புக் கோப்பை இன்னொரு கம்பெனியின் மென்பொருள் திறக்கத் திணறியது. அதைச் சரிசெய்தது என்ன? அந்தத் தரநிலையின் பயனாளர் அமைப்பு 2011-இல் பாரிஸிலும் 2013-இல் ம்யூனிக்கிலும் 2015-இல் பிரஸ்ஸல்ஸிலும் கூட்டுச் சோதனைகளை நடத்தியது. போட்டி நிறுவனங்களின் பொறியாளர்கள் தங்கள் கருவிகளைக் கொண்டுவந்து ஒரே அறையில் இணைத்து, எங்கே முறிகிறது என்று ஒன்றாகப் பார்த்தார்கள். அங்கே கண்ட குறைகள் தரநிலையின் திருத்தங்களுக்கே போயின. நமக்குத் தேவை அப்படி ஓர் அறை.

நாம் அறியாத முறையும் இல்லை இது. 2016-இல் வந்த யு.பி.ஐ.-யை நினைத்துப் பாருங்கள். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், எந்தச் செயலி கையில் இருந்தாலும், டீக்கடைப் பலகையில் இருக்கும் சதுரத்தைப் படம்பிடித்தால் பணம் போய்ச் சேர்கிறது. பொதுவிதி எழுதியதோடு நிற்காமல், அந்த விதிப்படி இயங்கிக் காட்டியவரை மட்டுமே உள்ளே விட்டதால் அது நடந்தது. பணத்துக்குச் செய்துகாட்டிய நாடு மின்சாரத்துக்கும் செய்யலாம்.

இனி நான் கேட்பது இவை.

ஒன்று, கூட்டுச் சோதனை. மீட்டர் தரநிலைக்கு ஒத்திருக்கிறதா என்று பெங்களூரு சி.பி.ஆர்.ஐ. போன்ற கூடங்கள் சான்று தருகின்றன. அது தேவை, ஆனால் போதாது. முதல் தொகுதி மீட்டர் களத்துக்குப் போகும் முன், நம் சொந்தச் சோதனைக்கூடத்தில் குறைந்தது மூன்று நிறுவன மீட்டர்களை இரண்டு வேறு நிறுவன ஹெட் எண்டுகளோடு இணைத்துப் பார்க்க வேண்டும். அளவெடுத்தல், துண்டித்தல், மறு இணைப்பு, நேரக் கட்டண அட்டவணையை மாற்றுதல், ஃபர்ம்வேரைப் புதுப்பித்தல் ஆகிய ஐந்தையும் செய்துகாட்ட வேண்டும். மீட்டரைப் படிப்பது மட்டும் சோதனை ஆகாது.

இரண்டு, தொடர்பு மாட்யூல். அது கழற்றி மாட்டக்கூடியதாக இருக்கட்டும். அளவும் ஊசி அமைப்பும் மின்னழுத்தமும் விவரக்குறிப்பிலேயே இருக்கட்டும். நல்ல மீட்டர் இருபது வருடம் ஓடும், தொலைபேசித் தொழில்நுட்பம் அவ்வளவு காலம் நிற்காது. 3ஜி போன வேகத்தைப் பார்த்தவர்கள் நாம். மாட்யூலுக்காக மீட்டரையே தூக்கி எறியும் நிலை வரக்கூடாது.

மூன்று, பொருள் ஏடு. ஒவ்வொரு பதிவும் எதைக் குறிக்கிறது, நேரம் எப்படி எழுதப்படும், விடுபட்ட பதிவை எப்படிக் கையாள்வது, ஹெட் எண்டுக்கும் எம்.டி.எம்.எஸ்.-க்கும் நடுவில் எந்தெந்தச் செய்திகள் போகும் என்பதையெல்லாம் வாரியமே எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும். அது ஒப்பந்ததாரரின் ரகசிய ஆவணமாக இருக்கக்கூடாது.

நான்கு, சாவிகள். டி.எல்.எம்.எஸ். மீட்டரில் மறையாக்கச் சாவியும் அடையாளச் சாவியும், அவற்றுக்கு மேலே தலைமைச் சாவியும் உண்டு. அவை நம் சர்வரில் உருவாகி நம் காவலில் இருக்க வேண்டும். 2020 ஆகஸ்டில், கிருஷ்ண ஜெயந்தி நாளன்று, உத்தரப் பிரதேசத்தில் தவறான ஒரு கட்டளையால் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர் வீடுகள் இருளில் மூழ்கின. துண்டிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, எத்தனை பேர் ஒப்புதலோடு அது நடக்கும், ஒரே நேரத்தில் அதிகபட்சம் எத்தனை இணைப்பைத் துண்டிக்கலாம் என்பதெல்லாம் தரநிலையின் கேள்விகள்தான்.

ஐந்து, ஒப்படைப்பு ஒத்திகை. கடைசி ஆண்டுவரை காத்திருக்க வேண்டாம். ஒப்பந்தக் காலத்தின் நடுவிலேயே, ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் கீழிருக்கும் எல்லா மீட்டர்களையும் வேறொரு நிறுவனத்தின் ஹெட் எண்டுக்கு மாற்றி ஒரு மாதம் இயக்கிக்காட்டச் சொல்லுங்கள். அந்த வெற்றியோடு கட்டணத்தின் ஒரு பங்கைப் பிணையுங்கள். பணத்தோடு பிணைத்த விதி மட்டுமே களத்தில் நிற்கும்.

ஆறு, நுகர்வோரின் வாசல். நெதர்லாந்தின் ஸ்மார்ட் மீட்டர்களில் பி1 என்ற துளை இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு சின்னக் கருவியை அதில் செருகித் தன் நுகர்வை உடனுக்குடன் பார்க்கலாம். அவர் தரவு அவருக்கே சொந்தம் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். முன்பணம் கட்டி மின்சாரம் வாங்கச் சொல்கிறோம் என்றால், எவ்வளவு மீதி இருக்கிறது, ஏன் கரைகிறது என்று பார்க்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

இவற்றுக்கு எதிராக என்ன சொல்வார்கள் என்று தெரியும். காலதாமதம் ஆகும், மானியத்தின் கெடு நெருங்குகிறது என்பார்கள். சோதனைக்கூடத்தில் போகும் மாதங்களைக் களத்தில் போகக்கூடிய ஆண்டுகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டனைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. டெண்டரில் கலந்துகொள்பவர் எண்ணிக்கை குறையும் என்பார்கள். முதல் டெண்டரில் குறையலாம். அதன் பிறகு வரும் ஒவ்வொரு கொள்முதலிலும் கூடும், ஏனென்றால் புதிதாக வருபவர் பழையவரின் அனுமதியின்றி உள்ளே நுழைய முடியும். திறந்த நெறிமுறை பாதுகாப்பைக் குறைக்கும் என்பார்கள். பாதுகாப்பு சாவியில் இருக்கிறது. டி.எல்.எம்.எஸ்.-இன் மறையாக்க முறையை உலகமே படித்துச் சோதித்திருக்கிறது. யாரும் பார்க்காத மூடிய மென்பொருளைவிட அதையே நான் நம்புவேன்.

இந்த வேலை மீட்டரோடு நிற்காது. கூரை சோலார் இன்வெர்ட்டர்கள், மின்வாகன சார்ஜர்கள், பேட்டரிகள் எல்லாம் பகிர்மானக் கம்பியில் வரிசையாக வந்து சேர்கின்றன. பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கும் மாநிலம் நாம். காற்று நன்றாக வீசும் மாதங்களில் அந்த மின்சாரத்தை வீணாக்காமல் வாங்கிக்கொள்ள, தேவையை நேரத்துக்கேற்ப நகர்த்த வேண்டும். பம்புசெட்டும் சார்ஜரும் கட்டமைப்பின் குரலைக் கேட்டு இயங்கினால் அது முடியும். ஒவ்வொன்றும் தன் கம்பெனியின் சர்வரை மட்டுமே கேட்டால் முடியாது. மீட்டரில் நாம் பழகும் ஒழுக்கம் இவை எல்லாவற்றுக்கும் அடித்தளமாகும்.

கடைசியாக, தரநிலைகள் எங்கோ டெல்லியிலும் ஜெனீவாவிலும் எழுதப்படுவதாக நினைத்து ஒதுங்கி நிற்காதீர்கள். பி.ஐ.எஸ். என்ற இந்தியத் தர நிர்ணய அமைப்பின் இ.டி.டி. 13 குழு மீட்டருக்கும், எல்.ஐ.டி.டி. 10 குழு மின்கட்டமைப்புத் தகவல் தொடர்புக்கும் தரநிலை எழுதுகின்றன. வரைவுகளைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடுகிறார்கள். அவற்றுக்குக் கருத்து எழுதி அனுப்ப எவருக்கும் உரிமை உண்டு. உற்பத்தியாளர்கள் தவறாமல் எழுதுகிறார்கள், அது அவர்கள் தொழில். மழையில் நனைந்த மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்தவரும், தி. நகரில் மாட்டிய லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்மார்ட் மீட்டர்களோடு பழகியவரும் எழுதினால்தான் அந்த ஆவணத்தில் களம் இருக்கும். எந்த மீட்டர் எந்த நிலையில் பேசாமல் போனது, எந்தப் பதிவு எப்படிப் பிசகியது என்று உங்கள் குறிப்பேடுகளில் இருப்பவையே அந்தக் குழுக்களுக்குத் தேவையான சான்று. பிரிவுக்கு ஒருவர், சோதனைக்கூடத்துக்கு ஒருவர் என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். அடுத்த வரைவு வரும்போது தமிழ்நாட்டிலிருந்து ஒரு கட்டுக் கருத்துகள் போகட்டும்.

வாங்கும் முன்பு கேள்வி கேட்கும் அதிகாரம் இன்று உங்கள் கையில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகு அது எதிரே இருப்பவரின் கைக்குப் போய்விடும். அதனால் அடுத்த விவரக்குறிப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, மேலே சொன்ன ஆறில் எது இல்லையோ அதை எழுதிச் சேருங்கள். சேர்க்க முடியாது என்று யாராவது சொன்னால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். இந்தப் பணத்தைக் கட்டப்போகும் மக்களின் சார்பில் அதைக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்தான்.

நம்பிக்கையோடும் அன்போடும்,
உங்கள் மூத்த சக பொறியாளன்